குளிரில் சுடாத துப்பாக்கி

1/
வேட்டைத் துப்பாக்கி பற்றி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான்.

நான் துப்பாக்கி ரசிகன் இல்லை. சொந்தமா ஒண்ணு வாங்குற எண்ணமும் இல்லை. ஆனால் உறைபனியில் ஒரு துப்பாக்கி சுடாமல் போனால், அதைப் பிடித்திருந்த கை கடைசியில் வந்து சேரும் இடம் என் மேஜை. அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
கனடாவின் வடகோடியில் நுனாவுட் என்று ஒரு நிலப்பகுதி இருக்கிறது. பரப்பளவில் இந்தியாவில் பாதிக்கும் மேல். மக்கள்தொகையோ 40,000-ஐ ஒட்டித்தான். பெரும்பான்மை இனுயிட் மக்கள்.

மொத்தம் 25 ஊர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரோடு கிடையாது. விமானம்தான். பல ஊர்களில் வருஷம் முழுக்க மருத்துவ மையத்தைத் தாங்கி நடத்துவது செவிலியர்கள். மருத்துவர்கள் சில வாரங்கள் வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படிப் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன்.

3/
குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30 என்பது சாதாரண நாள். காற்று சேர்ந்தால் இன்னும் மோசம்.

அந்த ஊர்களில் வேட்டை பொழுதுபோக்கு இல்லை. கடையில் இருக்கும் காய்கறி, பால், கோழி எல்லாம் விமானத்தில் வருபவை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். கரிபு மானும், சீலும், மீனும்தான் நம்பிச் சாப்பிடக்கூடிய உணவு. ஒருவர் மான் அடித்துக்கொண்டு வந்தால் நாலு வீட்டுக்குப் பங்கு போகும்.

நம் ஊர் மீனவருக்கு வலை எப்படியோ, அவர்களுக்குத் துப்பாக்கி அப்படி.

4/
"டாக்டர், பனியில எந்தத் துப்பாக்கி நம்பகமானது?" என்று ஊரில் இருந்து ஒரு நண்பர் கேட்டார். சினிமாவில் பார்க்கும் பளபளப்பான தானியங்கித் துப்பாக்கி ஏதாவது பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

அங்கே அனுபவசாலிகள் கையில் நான் அதிகம் பார்த்தது, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் சாதாரண போல்ட் ரைஃபிள். சிலருடையது அப்பா காலத்தது.

ஏன்? அதற்கு ஒரு துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

5/
ரொம்ப எளிமையாகச் சொல்கிறேன்.

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஓர் இரும்பு உருளை. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு நீளமான ஊசி. விசையை இழுத்தால் ஸ்பிரிங் அந்த ஊசியை முன்னால் தள்ளும். ஊசி போய் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் என்கிற சின்னக் குமிழைக் 'டக்'கென்று குத்தும். அதில் பொறி பிறந்து மருந்து எரியும். குண்டு கிளம்பும்.

ஊசி போதுமான வேகத்தில் குத்தினால்தான் பொறி. மெதுவாகக் குத்தினால் வெறும் 'க்ளிக்'. இந்த இழை முழுக்க அந்த 'க்ளிக்' பற்றித்தான்.

6/
குளிரில் துப்பாக்கி அதுவாக உடைந்து போவது குறைவு. அதைக் கெடுப்பவை நான்கு.

எண்ணெய்.
தண்ணீர்.
பனி.
நம் விரல்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

7/
முதல் எதிரி எண்ணெய்.

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீங்க. ஒரு சொட்டு விழாது. நம் ஊர் மார்கழிக்கே அந்த நிலை. மைனஸ் 35-ல் யோசித்துப் பாருங்கள்.

சாதாரண துப்பாக்கி எண்ணெய் அந்தக் குளிரில் தேன் போலக் கெட்டியாகும். கிரீஸ் இன்னும் மோசம், மெழுகு மாதிரி ஆகிவிடும். அந்த மெழுகுக்குள் ஊசி நீந்திப் போய்க் குத்தணும். வேகம் செத்துவிடும். க்ளிக்.

8/
"நல்லா பராமரிக்கிறேன்" என்று எண்ணெயைத் தாராளமாக விடுகிறவர்தான் குளிரில் மாட்டிக்கொள்வார்.

அங்கே குளிர்காலம் தொடங்கும்போது போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் எண்ணெயையெல்லாம் கரைப்பான் வைத்துச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடுவார்கள். பிறகு உலர்வாகவே விடுவார்கள். அல்லது கிராஃபைட் தூள், இல்லையென்றால் குளிருக்கென்றே செய்த மெல்லிய எண்ணெய், அதுவும் தொட்டும் தொடாமல்.

கோடையில் மருந்தாக இருப்பது குளிரில் விஷம். மருத்துவத்தில் டோஸ் என்று சொல்வோமே, அதேதான்.

9/
இரண்டாவது எதிரி தண்ணீர். என் கணக்கில் இதுதான் பெரிய எதிரி.

ஃப்ரிட்ஜில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தால் ரெண்டு நிமிஷத்தில் வேர்க்கும் இல்லையா? பாட்டிலுக்குள்ளிருந்து அந்தத் தண்ணீர் வரவில்லை. அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது.

மைனஸ் 30-ல் கிடந்த துப்பாக்கியை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டு வந்தால் அது அந்தப் பாட்டிலைவிடப் பல மடங்கு வேர்க்கும். வெளியே மட்டும் இல்லை. போல்ட்டுக்குள், ஸ்பிரிங்குக்குள், விசைக்குள், குழலுக்குள், எல்லா இடத்திலும்.

10/
அப்படியே திரும்ப வெளியே கொண்டு போனால்? உள்ளே இருந்த ஈரம் அப்படியே ஐஸ்.

வெளியே பார்த்தால் துப்பாக்கி பளிச்சென்று இருக்கும். உள்ளே ஊசி ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஒட்டிக் கிடக்கும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. வெளியே அறிகுறி காட்டாத நோய் மாதிரி.

11/
அதனால் அங்கே எழுதப்படாத விதி ஒன்று உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி குளிரிலேயே இருக்கட்டும். தோட்டாவை நீக்கி, பாதுகாப்பாக, பனி படாமல், சூடில்லாத இடத்தில்.

வீட்டுக்குக் கொண்டு வந்தே ஆகணும் என்றால், வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே. அப்போது வேர்வை பையின் மேல் படியும், துப்பாக்கி மேல் படியாது. முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரித்து, கழற்றித் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் பூட்டி வைப்பார்கள்.

12/
இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு நோயாளியின் கையில் பார்த்தேன்.

அறுபதை நெருங்கும் பெரியவர். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஊரும் மாதமும் சொல்லவில்லை. தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்கிடூ வண்டியில் மூன்று மணி நேரத் தூரத்துக்கு வேட்டைக்குப் போயிருக்கிறார். இரண்டு கரிபு கிடைத்தது. கூடாரம் போட்டுத் தங்கினார்கள்.

13/
பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மாமாவின் துப்பாக்கி வெளியே வண்டிப் பெட்டியில் கிடப்பதைப் பார்த்து, 'பாவம், பனியில் கெட்டுப் போகுமே' என்று ராத்திரி உள்ளே எடுத்து வந்திருக்கிறான். அடுப்புப் பக்கத்தில் வைத்து, துணியால் நன்றாகத் துடைத்து, காலையில் எழுந்ததும் பொறுப்பாகத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டான்.

எல்லாம் அக்கறையில் செய்தது. மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

14/
அன்று சாயங்காலம் இறைச்சி வாசத்துக்குத் துருவக் கரடி வந்தது. வண்டிக்கு இருபது எட்டு தூரம்.

பெரியவர் துப்பாக்கியை எடுத்து, பயமுறுத்தி விரட்டுவதற்காக அதன் தலைக்கு மேலே குறி வைத்து விசையை இழுத்தார்.

க்ளிக்.

போல்ட்டை இழுக்கப் பார்த்தார். வரவில்லை. தடித்த கையுறையோடு பிடி வழுக்கியது. கையுறையை உதறிவிட்டு வெறும் கையால் போல்ட்டை அடித்து இழுத்தார். இன்னொரு தோட்டா. மறுபடி க்ளிக்.

15/
துப்பாக்கிப் பயிற்சியில் சொல்லித் தருவது என்ன? க்ளிக் என்று கேட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷமாவது காத்திருக்கணும். சில நேரம் தோட்டா தாமதமாக வெடிக்கும்.

நல்ல விதி. ஆனால் அந்த அரை நிமிஷத்தைக் கரடி கொடுக்காது.

மூன்றாவது தடவை சுட்டது. சத்தம் கேட்டுக் கரடி திரும்பி ஓடியது.

16/
வெறும் கை அந்த இரும்பின் மேல் இருந்தது அதிகம் போனால் ஒரு நிமிஷம். அந்தப் பதற்றத்தில் வலியே தெரியவில்லை என்றார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி ஊர் திரும்பினார்.

என்னிடம் வரும்போது வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும் மெழுகுவர்த்தி போல வெள்ளையாக, தொட்டால் கட்டையாக இருந்தன. ஊசியால் தொட்டாலும் உணர்ச்சி இல்லை.

17/
வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை வைத்தோம். உறைந்த விரல் உருகும்போது வரும் வலி கொடுமையானது. வலி மருந்து கொடுத்தும் அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெற்கே உள்ள சிறப்பு மருத்துவரிடம் போனில் பேசி மற்ற சிகிச்சையைத் தொடர்ந்தோம்.

உறைபனிக் காயத்தில் உடனே வெட்ட மாட்டோம். எது பிழைக்கும், எது போகும் என்று உடம்பே கோடு போட்டுக் காட்டும். அதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். நடு விரல் பிழைத்தது. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

விசையை இழுக்கும் விரல்.

18/
பையன் அறையின் மூலையில் தலையைக் குனிந்து நின்றிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக என்னிடம் சொன்னார்: "துப்பாக்கி மேல தப்பில்ல டாக்டர். வெளிய படுக்க வேண்டியத உள்ள கூப்பிட்டா அது அழும். அழுததும் உறைஞ்சு போகும்."

பிறகு பையனைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அடுத்த தடவை துப்பாக்கி உன் பொறுப்பு" என்றாராம்.

திட்டு இல்லை. தண்டனையும் இல்லை. பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டார். எத்தனை சீனியர் டாக்டர்களுக்கு இந்தப் பக்குவம் இருக்கிறது என்று யோசித்தேன்.

19/
மூன்றாவது எதிரி பனி.

வண்டி குலுங்கும்போது, கால் வழுக்கி விழும்போது குழல் வாயில் பனி புகுந்துவிடும். 'கொஞ்சம் பனிதானே, குண்டு தள்ளிக்கிட்டுப் போயிடும்' என்று நினைப்பது ஆபத்து.

குக்கர் வெயிட் துவாரத்தில் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குழலில் அடைப்பு இருக்கும்போது சுட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் குழல் வீங்கலாம், பிளக்கலாம். சுட்டவர் கையும் முகமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

20/
இதற்கு வேட்டைக்காரர்கள் கையாளும் வைத்தியம் மலிவானது. குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள். பனி புகாது. சுடும்போது குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அந்த டேப்பைக் கிழித்துவிடும்.

பல லட்ச ரூபாய்க் கருவியைக் காப்பாற்றுவது அஞ்சு பைசா டேப். நம் ஆஸ்பத்திரிகளிலும் இப்படி நிறைய உண்டு.

21/
ஸ்கோப் எனும் தொலைநோக்கிக்கும் இதே பிரச்சினைதான். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுக் காற்று பட்டால் அந்த நொடியே பனிப்படலம். மாஸ்க் போட்ட காலத்தில் மூக்குக்கண்ணாடி மங்கியது ஞாபகம் இருக்கா? அதே கதை, ஆனால் இங்கே துடைத்தால் போகாது, சுரண்டணும்.

1939-40 குளிர்காலப் போரில் பெயர் பெற்ற ஃபின்லாந்து வீரர் சிமோ ஹாய்ஹா அடிப்படையில் விவசாயி, வேட்டைக்காரர். அவர் ஸ்கோப் இல்லாத துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினார். மங்குவதற்குக் கண்ணாடியே இல்லை என்றால் பிரச்சினையே இல்லை.

22/
தோட்டாவையும் குளிர் விடாது. குளிர்ந்த மருந்து மெதுவாக எரியும். குண்டின் வேகம் குறையும். குளிர்ந்த காற்றும் அடர்த்தி அதிகம், இழுத்துப் பிடிக்கும். தூரத்தில் இருக்கும் மானுக்கு வைத்த குறி கொஞ்சம் கீழே போய் விழும்.

'கொஞ்சம்' என்றால் நெஞ்சுக்குப் பதில் கால். அடிபட்ட மான் ஓடிப் போய் எங்கேயோ வலியில் சாகும். இறைச்சியும் வீண், உயிரும் வீண். கோடையில் குறி பார்த்து வைத்த துப்பாக்கியைக் குளிரில் மறுபடி சோதிப்பது இதனால்தான்.

23/
இப்போது போல்ட் ரைஃபிளுக்கு வருவோம்.

தானியங்கி வகைகளில், ஒரு குண்டு போனதும் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்கிறது. பல வகைகளில் அதற்கான பலம், எரிந்த மருந்தின் வாயு. எண்ணெய் கெட்டியாகி, உள்ளே ஐஸ் பிடித்து, மருந்தும் சோம்பலாக எரியும்போது அந்தப் பலம் போதாமல் நடுவில் சிக்கிக்கொள்ளலாம்.

போல்ட் ரைஃபிளில் அந்த வேலையைச் செய்வது மனிதக் கை. சிக்கினால் ஓங்கி ஒரு அடி. கைப்பிடியைத் தூக்கும்போதே நெம்புகோல் மாதிரி வேலை செய்து, ஒட்டிக்கொண்ட தோட்டாக் கூட்டைப் பிடுங்கும். பாகங்களும் குறைவு. கெட்டுப் போக வேண்டியதும் குறைவு.

24/
கனடாவில் ரேஞ்சர்ஸ் என்றொரு படை, 1947-ல் தொடங்கியது. வடக்கு ஊர்களில் வாழும் சாதாரண மக்கள்தான் அதன் வீரர்கள். பலர் இனுயிட் வேட்டைக்காரர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது லீ-என்ஃபீல்ட் என்ற .303 ரைஃபிள்.

ஆமாம், நம் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்பவர் தோளில் பார்த்திருப்பீர்களே, அந்த 'த்ரீ நாட் த்ரீ' குடும்பம்தான். நாம் பழைய இரும்பு என்று கிண்டல் செய்ததை, அங்கே ஆர்க்டிக் குளிரில் 70 வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள்.

25/
அதை மாற்றியதற்குப் பெரிய காரணம் உதிரி பாகங்கள் கிடைக்காமல் போனது. 2018 வாக்கில் சி-19 என்ற புது ரைஃபிள் பரவலாக வந்தது. ஃபின்லாந்து நிறுவனத்தின் வடிவமைப்பு. மைனஸ் 51 வரை வேலை செய்யணும் என்பது அதற்கு வைத்த நிபந்தனை.

கவனியுங்கள், அதுவும் போல்ட் ரைஃபிள்தான். கையுறையோடு பிடிக்கப் பெரிய போல்ட் கைப்பிடி, கையுறை விரல் நுழையப் பெரிய விசை வளையம். மாற்றியமைத்தது முக்கியமாக மனிதக் கைக்காக.

26/
அந்தப் புதுத் துப்பாக்கிக்கும் சோதனை வந்தது. அதன் சிவப்பு மரக்கட்டையில் ஈரம் பட்டால் சாயம் போனது, சிலவற்றில் விரிசல் விட்டது என்று செய்தியானது. இயந்திரப் பகுதி நிபந்தனையைத் தாண்டியும், சுற்றியிருந்த மரம் தகராறு செய்தது.

ஆய்வகத்தில் பாஸ் ஆவது வேறு. வருஷக்கணக்கில் ஒருவர் வண்டியில் குலுங்கி, கடல் உப்புக்காற்றில் நனைந்து பாஸ் ஆவது வேறு. புது மருந்துகளுக்கும் இதே விதிதான்.

27/
கிரீன்லாந்தின் வடகிழக்கில் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படை இருக்கிறது. ஒரு வண்டிக்கு இரண்டே பேர், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் மாதக்கணக்கில் ஆளில்லாப் பனிவெளியில் சுற்றுவார்கள். அவர்கள் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது எம்-1917 ரைஃபிள். பெயரிலேயே வயது இருக்கிறது, முதல் உலகப் போர்க் காலத்தது.

பணமில்லாமல் இல்லை. அந்தக் குளிரில் அது வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

28/
'அப்போ பழைய துப்பாக்கி இருந்தா போதும், பயமில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

2011 ஆகஸ்ட் 5. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இளைஞர்களின் பயண முகாம். காலையில் துருவக் கரடி கூடாரத்துக்குள் புகுந்தது. 17 வயது பிரிட்டிஷ் மாணவர் ஒருவர் இறந்தார். நான்கு பேர் காயமடைந்தனர்.

முகாமைச் சுற்றி எச்சரிக்கைக் கம்பி கட்டியிருந்தார்கள், அது வெடிக்கவில்லை. துப்பாக்கி இருந்தது, திரும்பத் திரும்ப முயன்றும் சுடவில்லை. கடைசியில் காயம்பட்டவர் ஒருவர்தான் கரடியைச் சுட்டு வீழ்த்தினார்.

29/
அது ஆகஸ்ட். கோடைக்காலம். பழியை உறைபனி மேல் போட முடியாது.

உயிர் காக்கும் கருவி கையில் இருப்பது ஒன்று. அது அந்த நொடியில், அந்தக் கையில், அந்தப் பயத்தில் வேலை செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் உயிர்கள் போகின்றன. எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் இதைத் தினமும் பயந்துகொண்டே வேலை செய்கிறோம்.

30/
இது நம்மை நான்காவது எதிரிக்குக் கொண்டு வருகிறது. விரல்.

இதுதான் என் பாடம். துப்பாக்கியில் கழற்றித் துடைக்க முடியாத ஒரே பாகம்.

விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலைத்திறன் குறையத் தொடங்கும். 8 டிகிரி அளவுக்கு வந்தால் தொடு உணர்வே பெருமளவு போய்விடும். விசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறோமா, இழுத்துவிட்டோமா என்பதே தெரியாது. சேஃப்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியாது.

31/
உடம்பு இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. குளிர் பட்டதும் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உள் உறுப்புகளின் சூட்டைக் காக்க விரலைக் கைவிடும். ஆனால் சில நிமிஷம் கழித்துத் தானே திறந்து கொஞ்சம் சூடான ரத்தம் அனுப்பும். மறுபடி சுருங்கும். மறுபடி திறக்கும்.

1930-ல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை விவரித்தார். இதற்கு மருத்துவத்தில் என்ன பெயர் தெரியுமா? 'ஹன்டிங் ரியாக்‌ஷன்'. வேட்டை என்ற பொருளில் இல்லை, ஏறி இறங்கித் தேடுகிறது என்ற பொருளில். இனுயிட் மக்களிடமும் குளிர்நீரில் வேலை செய்யும் மீனவர்களிடமும் இது வலுவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் உடம்பே குளிர்ந்துவிட்டால் இந்தத் தந்திரம் வேலை செய்யாது.

32/
உலோகம் உடம்புச் சூட்டை மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். மைனஸ் 20, 30-ல் வெறும் விரலால் இரும்பைத் தொட்டால் சில நொடிகளிலேயே தோல் உறையத் தொடங்கலாம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெரிய கையுறைக்குள் ஒரு மெல்லிய கையுறை போட்டிருப்பார்கள். அவசரத்தில் மேலே உள்ளதைக் கழற்றினாலும் தோல் இரும்பைத் தொடாது. பெரியவர் அன்றைக்கு அந்த மெல்லியதைக் காய வைத்திருந்தார்.

33/
விரலுக்கு அடுத்தது மூளை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம், கை தடுமாறும், பொருள் நழுவும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். பிறகு தீர்மானம் எடுக்கும் திறன் போகும். ரொம்ப முற்றினால், குளிரில் உறைந்துகொண்டிருப்பவரே 'சுடுது' என்று சட்டையைக் கழற்றுவதும் உண்டு.

அந்த நிலையில் உலகத்திலேயே நம்பகமான துப்பாக்கி கையில் இருந்தாலும் அது ஓர் இரும்புக் கம்பிதான்.

34/
'இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு சார், நாங்க என்ன கரடி வேட்டைக்கா போறோம்?'

காஷ்மீர், மணாலி, லடாக், கேதார்நாத் போகிறீர்கள் இல்லையா? துருவக் கரடிதான் அங்கே இல்லை. மற்ற மூன்று எதிரிகளும் இருக்கிறார்கள். கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

35/
விரல், மூக்கு, காது வெளுத்து மரத்துப் போனால்:

▪️ பனியை வைத்துத் தேய்க்காதீர்கள். கையால் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. உறைந்த தசை கிழியும்.
▪️ நெருப்பில், ஹீட்டரில் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாததால் வெந்து போவதே தெரியாது.
▪️ 37 முதல் 39 டிகிரி வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள்.
▪️ திரும்ப உறைய வாய்ப்பு இருந்தால் பாதி வழியில் உருக்காதீர்கள். உருகி மறுபடி உறைவதுதான் பெரிய சேதம்.
▪️ உடனே மருத்துவரிடம் போங்கள்.

36/
சர்க்கரை நோயாளிகள் இதைக் கட்டாயம் படிக்கணும்.

இன்சுலின் உறையக் கூடாது. உறைந்து உருகிய இன்சுலின் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் நம்ப முடியாது, வீசிவிடுங்கள். பனிப் பிரதேசத்தில் பெட்டியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வையுங்கள். குளுக்கோமீட்டரும் கடும் குளிரில் தப்பாகக் காட்டும், அல்லது வேலையே செய்யாது. அதையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

37/
வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று.

உங்கள் வீட்டில் ஒரு 'வேட்டைத் துப்பாக்கி' இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷம்தான் தேவைப்படும். ஆனால் அன்றைக்கு வேலை செய்தே ஆகணும்.

ஆஸ்துமா இருப்பவரின் இன்ஹேலர், அதில் மருந்து மிச்சம் இருக்கா? நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, காலாவதி ஆகிவிட்டதா? பிரஷர் மெஷினில் பேட்டரி இருக்கா? கடையில் மாட்டியிருக்கும் தீயணைப்பானை யாராவது கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

38/
எங்கள் அவசர சிகிச்சை வண்டியில் தொண்டைக்குள் குழாய் போட லாரிங்கோஸ்கோப் இருக்கும். அதன் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு செவிலியர் போட்டுப் பார்த்துக் கையெழுத்து போடுவார். நூறு முறை எரியும். சலிப்பான வேலை. யாரும் பாராட்ட மாட்டார்கள்.

நூற்றியோராவது முறை எரியாமல் இருப்பதை, நோயாளி மூச்சுத் திணறும்போது இல்லாமல், அதற்கு முந்தைய ஷிஃப்டிலேயே கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

39/
நம்பகம் என்பது கருவி வாங்கும்போது பில்லோடு சேர்ந்து வருவது இல்லை. மைனஸ் 51 என்று எழுதியிருந்தாலும் சரி, ஐந்து வருஷ கேரண்டி என்று எழுதியிருந்தாலும் சரி. அதை வைத்திருப்பவர் தேவைப்படாத நாட்களில் செய்யும் சின்னச் சின்ன வேலைகளில் இருந்துதான் வருகிறது. கழற்றித் துடைப்பது, டேப் ஒட்டுவது, போட்டுப் பார்ப்பது. முக்கியமாக, செய்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது.

இன்றைக்கு ராத்திரி தூங்கப் போகும் முன் அந்த மருந்து டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு என்ன இருந்தது, என்ன காலாவதி ஆகியிருந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள்.